ஜன்னலைச் சாத்தியது நான் இல்லை

எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம், ஒரு சடங்கு என்று நாலு பேர் கூடிவிட்டால் போதும். பந்தியில் யாராவது ஒருவர் என்னைக் காட்டி, "கல்யாணப் பேச்சுக்கு நடுவுல நெட்ட அடைச்ச பிள்ள இவதான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால், "இன்னுமா கோவம்?" என்பார்கள். ஆமாம், இன்னும்தான். படித்து, வேலைக்குப் போய், எனக்கென்று ஒரு வீடும் வாசலும் ஆன பிறகும் அந்தக் கோபம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. செய்த தப்புக்கு அடி வாங்கினால் இரண்டு நாளில் ஆறிவிடும். செய்யாத தப்புக்கு வாங்கியது ஆறுவதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். மேலகரத்தில் எங்கள் வீடு ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு அடுப்பு. முன்கட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் அவர்கள் மகளான அக்காவும். பின்கட்டில் அப்பா, அம்மா, நான். மாடியில் ஒற்றை அறை. அதில் கல்யாணமாகாத சித்தப்பா. அவர் எந்த அடுப்பில் வாசனை நன்றாக இருக்கிறதோ அங்கே சாப்பிடுவார்.

வீட்டுக்குள் இன்டர்நெட்டைக் கொண்டுவந்தவர் அந்தச் சித்தப்பாதான். எங்கள் தெருவுக்கு அப்போது வயர் இணைப்பு வரவில்லை. அவர் ஒரு டாங்கிள் வாங்கி வந்தார். விரல் நீளம்தான் இருக்கும். உள்ளே ஒரு சிம் கார்டு. கம்ப்யூட்டரில் சொருகினால் நெட் வரும் என்றார். வரவில்லை. மேற்கே முழுக்க மலை நின்று மறைத்துக்கொண்டால் எப்படி வரும்? தென்காசியைப் பார்த்த கிழக்கு ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தால் கொஞ்சம் வந்தது. சித்தப்பா விடவில்லை. பெரியம்மாவின் மாவுச் சல்லடையை, அந்தக் கம்பி வலைச் சல்லடையை, கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய், நடுவில் டாங்கிளைக் கட்டி, நீள வயர் போட்டு ஜன்னல் கம்பிக்கு வெளியே தொங்கவிட்டார். நெட் பிய்த்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து பெரியம்மா மாவைத் துணியில் சலித்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சுபாவம் அப்படி.

ஒரு டாங்கிளை ஒரு கம்ப்யூட்டரில்தானே சொருக முடியும்? அதற்கும் சித்தப்பா வழி கண்டுபிடித்தார். மாடிக் கம்ப்யூட்டரில் வருகிற நெட்டை மற்றவற்றுக்கும் பகிர்ந்துகொடுக்கலாமாம். ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி வாங்கி, அதிலிருந்து நீல வயரை மாடிப்படி வழியாக இறக்கி, ஒன்றை முன்கட்டில் பெரியப்பாவின் கம்ப்யூட்டருக்கும் ஒன்றைப் பின்கட்டில் அப்பாவின் பழைய லேப்டாப்புக்கும் கொண்டுபோனார். இதுவரை சரி. இதற்குமேல் பெரியப்பா உள்ளே வந்தார்.

பெரியப்பாவுக்கு வயல்தான் உலகம். சிற்றாற்றுக் கால்வாயில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சிப் பழகியவர். மேல்மடைக்காரன் திறந்தே வைத்திருந்தால் கடைமடைக்காரன் வயல் காயும் என்பது அவருக்குத் தெரிந்த நியாயம். அதையே நெட்டுக்கும் வைத்தார். காலையில் அவர் முறை. அப்போது எங்கள் வயரை ஸ்விட்ச் பெட்டியிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். மத்தியானம் எங்கள் முறை. அப்போது அவருடையதைப் பிடுங்க வேண்டும். முறை இல்லாதவன் வயர் சும்மா மாட்டியிருந்தால் நெட் கசிந்து வீணாகுமாம். "மடைய அடைக்காம வெச்சா எங்கன போயி நிக்கும்?" என்பார். சித்தப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழக்கமில்லாத வீடு. முறைப்படியே பாய்ந்தது.

இதில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். மாடிக் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அது தூங்கிப்போய்விடும். அது தூங்கினால் வீடு முழுக்க நெட் போய்விடும். ஆகவே யாராவது ஒருவர் அதன் முன்னால் உட்கார்ந்து மவுஸை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வயலுக்கு மடைக்காவல் போல. பள்ளிக்கூடம் இல்லாத பொழுதெல்லாம் அந்த யாராவது ஒருவர் நான்தான். சரி, உட்காருகிறேன், உட்கார்ந்த இடத்தில் நானும் ஏதாவது பார்க்கலாமா என்றால், கூடாது. "நீ ஒண்ணத் தெறந்தா கீழ ஒண்ணு கொறையும்" என்பது பெரியப்பாவின் சட்டம். வீட்டில் எல்லோரும் நெட் பார்த்தார்கள். அத்தனை நெட்டையும் காவல் காத்த நான் வெறும் திரையைப் பார்த்தேன். கம்ப்யூட்டரைத் தூங்காமல் வைக்க அதற்குள்ளேயே ஒரு ஏற்பாடு உண்டு, இரண்டு தட்டுத் தட்டினால் முடிகிற காரியம் என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு ஹாஸ்டலில் யாரிடமும் பேசாமல் படுத்துவிட்டேன்.

இனி அக்கா விஷயம். அக்கா கல்லூரியை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஏதோ ஒரு பரீட்சை எழுதித் தேறியும் இருந்தாள். என்ன பரீட்சை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதில் இன்னொரு கட்டம் பாக்கி இருக்கிறது என்பதும், பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை என்பதும் மட்டும் கதவிடுக்கில் கேட்டது. "படிச்சது போதும், எழுதுனது போதும், கல்யாணத்த முடிச்சிருவோம்" என்று அவர் ஒரே பிடியாக நின்றார். அக்கா அழவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. விடிகிறதற்கு முன்னால் எழுந்து குற்றாலம் ரோட்டில் ஓடிவிட்டு வருவாள். உடம்பு இளைக்க என்றார்கள். ஒட்டடைக் கம்பு மாதிரி இருக்கிறவளுக்கு இன்னும் என்ன இளைக்க வேண்டும் என்று கேட்டேன். அம்மா என் வாயை அடைத்தாள்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஒரு மாப்பிள்ளை வீடு வந்தது. ராஜபாளையம் பக்கம். மாப்பிள்ளை துபாயில். அவருக்கு லீவு இல்லை. ஆனால் பெண்ணைப் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டாராம். கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவருடைய அம்மாவும் தாய்மாமனும் நேரில் வந்து, கையோடு குற்றாலத்தில் சீசன் குளியலையும் முடித்துக்கொண்டு போவது என்று ஏற்பாடு. மேலகரத்தில் பெண் இருக்கிற வீட்டுக்கு ஆவணியில்தான் அதிகமாக மாப்பிள்ளை வருவார்கள் என்று சித்தப்பா சொல்வார். ஒரே டீசலில் இரண்டு வேலை.

"ஆளு நல்ல ஆளுக. ஆனா சகுனம் மட்டும் கொஞ்சம் கூடப் பாப்பாவ" என்று தரகர் அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார். கொஞ்சம் அல்ல. அன்றைக்கு வேன் எங்கள் வாசலுக்கு வந்து நின்ற பிறகும் யாரும் இறங்கவில்லை. ராகு காலம் முடிய வேண்டுமாம். பெரியப்பா வெளியே வெயிலுக்கும் சாரலுக்கும் நடுவில் கைகட்டி நிற்க, உள்ளே இட்லி ஆறிக்கொண்டிருந்தது. பெரியம்மா அடுப்படி ஜன்னல் வழியாக அந்த வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நாளில் ஒரு நன்மை இருந்தது. விருந்தாள் வந்தால் எங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போவார்கள். அருவிக்கு அடுத்த ஊரில் இருந்தாலும் விருந்தாள் வந்தால்தான் எங்களுக்கு அருவி. பேச்சு முடிந்ததும் சாயங்காலம் கிளம்புவது என்று முடிவாகியிருந்தது. நான் துண்டு, மாற்றுப் பாவாடை எல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மாடிக்குப் போய் மவுஸைப் பிடித்தேன். அன்றைக்கு நாள் முழுக்கத் தன் முறை என்று அறிவித்திருந்த பெரியப்பா கீழிருந்தே சத்தம் போட்டார். "ஏட்டி, இன்னைக்கு மட்டும் கண்ண மூடிராத. ஒங்க அக்கா வாழ்க்க ஒங் கையில இருக்கு."

நான் கண்ணை மூடவில்லை. கையையும் எடுக்கவில்லை. இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டே இருந்தேன். கீழே மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "எல்லாரும் சௌக்கியமா?" என்றார். அவருக்கு அது சாப்பாட்டு இடைவேளையாம். அது முடிந்தால் போய்விடுவாராம். பெரியப்பாவின் சிரிப்புக் கேட்டது. "பொண்ண வரச்சொல்லுங்க" என்று அந்தம்மாள் சொன்னதும் கேட்டது.

அப்போதுதான் பெரியம்மா மாடி ஏறி வந்தாள். முழங்கால் வலிக்காரி, மாடிக்கு வருவதே அபூர்வம். மூச்சு வாங்க நின்றவள், நேராகக் கிழக்கு ஜன்னலுக்குப் போய், சல்லடையை வயரோடு உள்ளே இழுத்து மேசைமேல் வைத்து, ஜன்னலைச் சாத்திக் கொக்கியும் போட்டாள்.

"பெரியம்மா, சிக்னல் போயிரும்!" என்றேன்.

"சாரல் அடிக்கி. கம்ப்யூட்டர் நனைஞ்சிரும்லா" என்றாள்.

"மாப்பிள்ள பேசிக்கிட்டு இருக்காவ…"

"நீ ஒன் வேலையப் பாரு. கைய எடுக்காத. ஆட்டிக்கிட்டே இரு."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். வீட்டுக்கு மூத்தவள் கையை எடுக்காதே என்று சொல்லியிருக்கிறாள், நான் எடுப்பேனா? இல்லாத நெட்டுக்கு நான் பாட்டுக்கு மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கீழே நடந்ததைப் பிறகு பலர் பலவிதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அக்கா பட்டுச்சேலையோடு வந்து நாற்காலியில் உட்காரப் போகிற நேரம், திரையில் மாப்பிள்ளை வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாராம். பிறகு ஒரு வட்டம் சுற்றியதாம். பிறகு கறுப்பு. மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்து, "பொண்ணு வந்து ஒக்கார்ற நேரத்துல பிள்ள மொகம் இருட்டிப்போச்சே" என்றாராம். தாய்மாமன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாராம். அவ்வளவுதான். மறுபடி கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று சித்தப்பா சொன்னதை அவர்கள் காதில் வாங்கவே இல்லை. தெய்வம் காட்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

சித்தப்பா படிக்கு ஒன்றாகக் கால் வைக்காமல் தாவி ஏறி வந்தார். சாத்திய ஜன்னல், மேசைமேல் சல்லடை, எதிரே நான். என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனார். கூடத்தில் எல்லோர் முன்னாலும் பெரியப்பாவின் விசாரணை.

"ஜன்னல யாருட்டி சாத்துனா?"

"பெரியம்மாதான் சாத்துனாவ. சாரல் அடிக்கின்னு சொன்னாவ."

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெரியம்மா பொய் சொல்ல மாட்டாள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். உறை மோர் கேட்டு வந்தவர்களிடம், பானையில் கொஞ்சம் இருக்கும்போது இல்லை என்று சொல்லக்கூட அவளுக்கு வராது. அண்ணன் தம்பிக்குள் வயல் வரப்புச் சண்டை வந்தால்கூட, "மதினி என்ன சொல்லுதாவ?" என்று கேட்டு அதோடு முடித்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட பெரியம்மா என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"நான் எங்க மாடிக்குப் போனேன்? கேசரி அடிபிடிச்சிராம கிண்டிக்கிட்டுலா நின்னேன்."

கத்தினேன். சாமி சத்தியம் என்றேன். ஐந்தருவி சத்தியம் என்றுகூடச் சொன்னேன். பெரியப்பா நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். "சாரல் எந்தப் பக்கம் அடிக்கும்?" மேற்கே மலையிலிருந்து. "சாத்துனது எந்த ஜன்னல்?" கிழக்கு. "இந்த ஊர்ல வாக்கப்பட்டு இத்தன வருசமா இருக்கவளுக்கு, மேக்கருந்து வார சாரலுக்குக் கெழக்கு ஜன்னலச் சாத்த வேண்டாம்னு தெரியாதா? இது சின்னப் பிள்ள புத்தி." எல்லோரும் தலையாட்டினார்கள். அட, அதைத்தானே நானும் சொல்கிறேன்! கிழக்கு ஜன்னலில் ஒரு பொட்டு நனையவில்லையே, பின்னே அவள் எதற்குச் சாத்தினாள் என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா? என்னைக் காப்பாற்ற வேண்டிய நியாயத்தை எடுத்து என் தலையிலேயே போட்டுவிட்டார்கள்.

சிக்னலைக் கெடுத்தது ஒன்று, மூத்தவள்மேல் பழி போட்டது இன்னொன்று என்று குற்றம் இரண்டாகிவிட்டது. அம்மா முதுகில் இரண்டு வைத்தாள். சித்தப்பா என்னோடு பேசுவதில்லை என்று அறிவித்தார். அக்கா மட்டும் பட்டுச்சேலையோடு சுவரில் சாய்ந்து நின்று தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக ஒரு வார்த்தை அவளும் பேசவில்லை. அன்றைக்கு நான் தொண்டை கிழியக் கத்தினேன், ஒருவரும் நம்பவில்லை. இப்போது சொன்னால் நம்புவார்கள். நம்பிவிடுவார்களே என்றுதான் பந்தியில் சிரித்துவிட்டு எழுந்து போகிறேன்.

சம்பந்தம் நின்றாலும் குளியல் நிற்கவில்லை. வந்தவர்கள் தேய்த்துக் குளிக்க எண்ணெய் வாங்கியாயிற்று. வந்ததற்கு அருவியையாவது பார்க்கட்டும் என்று பெரியப்பா மரியாதைக்குக் கூடக் கிளம்பினார். எங்கள் வீட்டு ஆட்களும் வேனில் ஏறினார்கள். நான் பையோடு வாசலுக்கு வந்தபோது, "நீ எறங்கு" என்றார் பெரியப்பா. நான் இன்னும் ஏறக்கூட இல்லை. வேன் போயிற்று. யார் செய்த காரியத்துக்கோ எனக்கு அருவி இல்லை! தலைவலி என்று சொல்லிவிட்டுப் பெரியம்மாவும் வீட்டில் தங்கிவிட்டாள். யாரோடு தனியாக இருக்கக் கூடாதோ அவளோடு என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

நான் மாடி அறையில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டேன். சாரல் விட்டு மஞ்சள் வெயில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் படியில் முழங்கால் முனகும் சத்தம். பெரியம்மா ஒரு தட்டு நிறையக் கேசரியோடு வந்தாள். முந்திரியெல்லாம் என் தட்டில்தான் கிடந்தது. நான் தொடவில்லை. அவள் கிழக்கு ஜன்னலைத் திறந்தாள். சல்லடையை எடுத்து வெளியே தொங்கவிட்டாள். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஏட்டி, வா. இன்னைக்குப் பூரா ஒன் முறைதான். ஒனக்கு வேண்டியதப் பாத்துக்கோ."

கோபம் வேறு, நெட் வேறு. போய் உட்கார்ந்தேன். ஆனால் பேசவில்லை. பாண்டாக் கரடி படம் பார்த்தேன். உலகத்திலேயே உயரமான அருவி எது என்று பார்த்தேன். எங்களூர் அருவி அந்தப் பட்டியல் பக்கமே வரவில்லை என்பது அன்றைய துக்கத்தில் இன்னொரு துக்கம். பெரியம்மா என் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல என்ன கேட்டாலும் சொல்லுமாமே?" என்றாள்.

நான் அடுத்த பாண்டாப் படத்தைத் தட்டினேன்.

"போலீஸ் வேலைக்குப் பொம்பளப் பிள்ளையள எடுக்காவள்லா, அதுக்கு எவ்வளவு தூரம் ஓடணும்னு கேளேன்."

நான் சட்டென்று திரும்பினேன். "நீங்க ஏன் பொய் சொன்னிய? அத மொதல்ல சொல்லுங்க."

"மொதல்ல நீ இதக் கேளு. ஓடுதது, தாண்டுதது, எறியுதது எல்லாம் கேட்டுச் சொல்லு. மெதுவாச் சொல்லு, எனக்கு மனசுல நிக்கணும்."

பேச்சை மாற்றுகிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்றாலும் பெரியவர்கள் கேட்டால் செய்து பழகிய கை; தட்டினேன். வந்ததைக் கோபத்தோடு விறுவிறு என்று வாசித்தேன். மெதுவா, மெதுவா என்றாள். ஓட்டம் இவ்வளவு, நீளம் தாண்டுதல் இவ்வளவு, குண்டு எறிதல் இவ்வளவு என்று நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடி வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். செருப்பில்லாமல் ஓட வேண்டுமா, ஷூ போடலாமா என்று கேட்டாள். போடலாம் என்று இருக்கிறது என்றேன். "அப்பம் ஒரு ஷூ வாங்கணும்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள் இந்த வயதில் போலீஸில் சேரப் போகிறாள்! அதுவும் அத்தனை பேர் முன்னால் கூசாமல் ஒரு சின்னப் பிள்ளைமேல் பழியைப் போட்டுவிட்டு, ஈரம் காய்வதற்குள் ஷூ விசாரிக்கிறாள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

"பொய் சொல்லுதவங்கள எல்லாம் போலீஸ்ல சேக்க மாட்டாவ" என்றேன்.

பெரியம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள், நான் விடவில்லை.

"என்னயச் சேக்காட்டிப் போறாவ" என்றாள். "பொய் சொல்லாத பிள்ள ஒண்ணு நம்ம வீட்டுல இருக்குலா. அதச் சேத்தா போதும்."

அன்றைக்கு அந்த வீட்டில் பொய் சொல்லாத பிள்ளை என்னைத் தவிர வேறு யார்? கேசரித் தட்டைத் தூரத் தள்ளிவிட்டு, எனக்கு ஒன்றும் போலீஸ் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.